கரோலின் டீச்சர் கொண்டுபோன தண்ணீர்

புன்னக்காயலில் கரோலினை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். உள்ளபடிக்கு அவள் சத்துணவு அமைப்பாளர். எண்பத்து மூன்று பிள்ளைகளுக்குச் சோறு ஆக்க வைத்து, முட்டை அவிக்க வைத்து, எந்தப் பிள்ளை தட்டில் மிச்சம் வைக்கிறது என்று நின்று பார்க்கிற வேலை. டீச்சர் பட்டம் ஞாயிற்றுக்கிழமையால் வந்தது. பூசை முடிந்ததும், புதுநன்மை என்று முதல் தடவை நற்கருணை அப்பம் வாங்கப்போகிற பிள்ளைகளை உட்காரவைத்து மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பது அவள்தான். பதினாறு வருடமாக அவள்தான். சாமியார்கள் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். அவள் மட்டும் கையில் பிரம்பு இல்லாமலே பிள்ளைகளை நடுங்கவைத்துக்கொண்டு அதே பெஞ்சில் இருந்தாள்.

ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அவள் சோறு போட்டிருக்கிறாள், சிலுவை அடையாளம் போடப் பழக்கியிருக்கிறாள். அவள் வயிற்றில் மட்டும் ஒன்றும் தங்கவில்லை. இதை யாரும் அவள் முகத்துக்கு நேரே சொன்னது கிடையாது. சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்து ஆறியிருப்பாள். ஞானஸ்நான வீட்டுக்கு முறையாக வந்து அழைப்பார்கள். பிள்ளையை எல்லார் கையிலும் கொடுத்து வாங்குவார்கள், அவளிடம் வரும்போது அதற்குத் தூக்கம் வந்துவிடும். அவ்வளவுதான் ஊர் செய்தது. அது போதாதா?

புருஷன் மெர்வின் சங்கு குளிக்கிறவன். தூத்துக்குடிக்குப் போய் முதலாளிமார் வள்ளத்தில் ஏறிக் கடலுக்கடியில் இறங்குவான். நல்ல மனுஷன். வாய் கொஞ்சம் நீளம், மனசில் ஒன்றும் கிடையாது. கல்யாணமாகி ஒன்பது வருடம் இரண்டு பேரும் நவநாள் வைத்தார்கள், நேர்ச்சை நேர்ந்தார்கள், முட்டிபோட்டுக் கோயிலைச் சுற்றினார்கள். கல்யாணத்துக்கு முந்தின வகுப்பில், பிள்ளை பெறுவதைத் தள்ளிப்போட இயற்கை முறை எது என்று மூன்று மணி நேரம் விளக்கினார்கள். பிள்ளையே வராவிட்டால் என்ன செய்ய என்பதற்கு, ஜெபியுங்கள் என்பதோடு சரி. எந்தப் பிரசங்கத்திலும் அதைப்பற்றி ஒரு வார்த்தை அவள் கேட்டதில்லை.

இரண்டாயிரத்துப் பதினைந்தில் திருநெல்வேலிக்குப் போனார்கள். வண்ணார்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரி. ஊரில் மெர்வினுக்கு முதுகுவலி, வைத்தியம் நடக்கிறது என்று சொல்லிவைத்தார்கள். உடம்புக்கு வெளியே வைத்துக் கருவை உண்டாக்குவதைத் திருச்சபை ஒத்துக்கொள்ளாது என்று கரோலினுக்கு அரையும் குறையுமாகத் தெரியும். முழுசாகத் தெரிந்துகொள்ள அவள் ஆசைப்படவில்லை. தெரிந்துகொண்டால் போக முடியாதே.

ஆறு கருக்கள் உருவாகியிருப்பதாக டாக்டரம்மா சொன்னார். இரண்டை இப்போது வைக்கலாம், மீதி நாலை உறையவைக்கலாமா என்று கேட்டார். கரோலின் வாயைத் திறக்குமுன் மெர்வின் சொல்லிவிட்டான்.

"வலையில ஏறினத யாராவது திருப்பிக் கடல்ல போடுவாகளா டாக்டர்? எல்லாத்தையும் பத்திரமா வைங்க."

டாக்டரம்மா சிரித்தார். கரோலினும் சிரித்தாள். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அன்றைக்கு அதில் சிரிக்கத்தான் இருந்தது.

முதலில் வைத்த இரண்டும் நிற்கவில்லை. மறுவருடம் இன்னும் இரண்டு வைத்தார்கள். ஒன்று நின்றது. மாமியாரிடம் மட்டும் சொன்னாள். மாமியார் யாரிடமும் சொல்லவில்லை, கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேரைத் தவிர. திருநாளன்று மேடையிலேயே பிரசங்கியார், பத்து வருடம் பிள்ளையில்லாதிருந்த நம் மறைக்கல்வி ஆசிரியைக்குப் புனிதர் செய்த அற்புதம் என்று பேர் சொல்லி வாசித்துவிட்டார். ஊரே திரும்பிப் பார்த்தது. எழுந்து நின்று, அது அற்புதம் இல்லை, வண்ணார்பேட்டை என்று சொல்ல முடியுமா? தலையைக் குனிந்து கும்பிட்டாள். நாலு கிழவிகள் வந்து அவள் வயிற்றைத் தொட்டு முத்தமிட்டார்கள். ஒன்பதாவது வாரம் பாத்ரூமில் எல்லாம் போயிற்று. கிழவிகள் சோதனை என்றார்கள். அவள் தண்டனை என்று நினைத்தாள், பொய் சொல்லாமல் சொன்ன பொய்க்கு.

இன்னும் இரண்டு இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். உடம்பு தேறியதும் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தாள். உடம்பு தேறவில்லை. கட்டி, நிற்காத உதிரப்போக்கு, கடைசியில் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் மெர்வின் கடலாழத்திலிருந்து நிதானிக்காமல் அவசரமாக ஏறி வந்ததில், காற்று நரம்பில் அடைத்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றுப் போனது. தத்து எடுக்கலாம் என்று எழுதிப்போட்டிருந்தார்கள். வீட்டைப் பார்க்க வந்த அம்மாள், கட்டிலில் கிடந்தவனைப் பார்த்துவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டு, பிறகு தகவல் சொல்லுகிறோம் என்று போனாள். இன்றுவரை சொல்லவில்லை.

ஆனால் அந்த இரண்டும் அங்கே இருந்தன. வருடா வருடம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடுதாசி வரும், தொடர்ந்து வைத்திருக்கவா என்று. ஆமாம் என்று எழுதி அனுப்புவாள். வைத்து என்ன செய்யப்போகிறோம் என்று இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. பிள்ளைகளை விடுதியில் விட்டுவைத்திருக்கிற மாதிரி அவளுக்கு ஒரு நினைப்பு. அதில் ஒரு சுகம் இருந்தது என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். அவளுக்கு இருந்தது.

போன வருடம் அக்டோபரில் வந்த கடுதாசி வேறு மாதிரி. பத்து வருடம் முடிகிறது, சட்டப்படி இனி வைத்திருக்க முடியாது, ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறீர்களா, அழியவிடுகிறீர்களா, ஒன்றில் குறியிட்டு இருவரும் கையெழுத்திட்டு அனுப்பவும்.

கருவான கணத்திலிருந்தே அது ஓர் ஆள், அதற்கு ஓர் ஆத்துமா உண்டு என்று பதினாறு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். அந்தக் கடுதாசியைக் குசினியில் நின்று வாசித்தபோதுதான், தான் சொல்லிக்கொடுத்தது என்னவென்று அவளுக்குப் புரிந்தது.  அடுப்பை அணைத்துவிட்டு நேரே சாமியார் வீட்டுக்குப் போனாள்.

பங்குச் சாமியார் பெனோ அவளைவிடப் பத்து வயது இளையவர். வந்து இரண்டு வருடம் ஆகிறது. அவளை அவரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"தோத்திரம் சாமி. ஒரு பாவம் சொல்லணும். பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள்ள வேண்டாம். இங்கனயே இருந்து சொல்லுதேன்."

சொன்னாள். முதுகுவலியிலிருந்து கடுதாசி வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னாள். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

"பிள்ள புருசன் பெஞ்சாதி சேர்க்கையில உண்டாகணும், கண்ணாடித் தட்டுல இல்லன்னு சபை சொல்லுது. உங்கள வருத்தணும்னு சொல்லல டீச்சர். இப்ப நீங்க நிக்கிதீங்களே, இந்த இடத்துக்கு யாரும் வந்துரக் கூடாதுன்னுதான்."

"வந்துட்டேனே சாமி. இனி என்ன செய்ய?"

"அழிக்கக் கூடாது. ஆராய்ச்சிக்கும் கொடுக்கக் கூடாது."

"வேற ஒருத்தி வயித்துல வச்சா? அந்த ஆஸ்பத்திரியில அப்படிச் செய்யதில்லன்னுட்டாக. வேற எங்கயாவது?"

"அதயும் சபை சரின்னு சொல்லல."

"அப்ப அப்படியே இருக்கட்டும்னு விட்டா?"

"உறையவச்சதே தப்புங்கும்போது, அப்படியே இருக்கட்டும்னு எப்படிச் சொல்ல?" அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதுக்கு வழி ரோமாபுரியிலேயே இல்ல டீச்சர். வழி இல்லன்னு அவங்களே ஒத்துக்கிடுதாங்க. நீங்க கையெழுத்துப் போட்டாலும் போடாட்டாலும் தேதி முடிஞ்சா அது நடந்துரும்."

கரோலின் சும்மா எழுந்து வந்துவிடுகிற ஆள் இல்லை. வகுப்பில் பிள்ளைகளிடம் கேள்வி கேட்கிற குரலிலேயே அவரைக் கேட்டாள்.

"சாமி, அது ரெண்டும் உசிரோட இருக்கா, இல்லியா?"

"இருக்கு."

"சாகப்போவுதா, இல்லியா?"

அவர் மேசையிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"சாகப்போற பிள்ளைக்கு யாரு வேணும்னாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம்லா? தண்ணி ஊத்தி, பிதா சுதன் பரிசுத்த ஆவி பேரால சொன்னாப் போதும்லா? நான் கொடுக்கலாமா, கூடாதா?"

பெனோ சாமி அப்படி ஒன்றை யோசித்துப் பார்த்திருக்கவே இல்லை.  பிறகு எழுந்து கோயிலுக்குள் போய், ஒரு சிட்டிகை உப்பு போட்டு மந்திரித்த தீர்த்தத்தை ஒரு சின்னப் பாட்டிலில் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். அந்த ஒரு நாளில் அவர் உருப்படியாகச் செய்த காரியம் அது என்று அவருக்கும் ஒரு நிம்மதி. இருவருக்கும் அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை.

மெர்வினிடம் சொன்னபோது அவன் கட்டிலில் கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். ஆறு வருடத்தில் அவன் எதற்கும் அப்படி நிமிர்ந்ததில்லை.

"ஏட்டி, ஞானஸ்நானம் வாங்கிட்டுச் செத்தா நேரா மோட்சம்லா! பாவத்துக்கு வெந்து தீர்க்கிற உத்தரிக்கிற ஸ்தலம்கூடக் கிடையாது. நமக்குன்னு ரெண்டு சம்மனசு, றெக்க வச்சு, அங்கன இருக்கும்."

"ஆமா."

"நீ ஊத்திருவல்லா?"

"ஊத்திருவேன். நீங்க சத்தம் போடாதிய, பக்கத்து வீட்டுல கேட்கும்."

அவன் பேனாவை வாங்கி, அழியவிடலாம் என்ற இடத்தில் குறிபோட்டுக் கையெழுத்தும் போட்டான். பெயரைக்கூட மணிமணியாக எழுதினான். அதைப் பார்க்க முடியாமல்தான் அவள் கீழே கையெழுத்துப் போட்டாள்.

தேதி குறித்த புதன்கிழமை லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ஆத்தூரில் இறங்கி, வேறு பஸ் ஏறி, ஏரல், ஸ்ரீவைகுண்டம் என்று திருநெல்வேலி போய்ச்சேரும் வரை பையை மடியிலேயே வைத்திருந்தாள். வழியெல்லாம் வாழைத்தோட்டம். ஒரு கைப்பிள்ளைக்காரி பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளை கரோலினின் விரலைப் பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை பிள்ளைக்குத் தூக்கம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தெரிந்தவள் பிருந்தா. ஆய்வகத்தில் கருக்களைப் பார்த்துக்கொள்கிறவள். டவுணில் சைவப்பிள்ளைமார் வீட்டுப் பெண். கரோலின் போனில், கடைசியாக ஒரு சின்ன ஜெபம் சொல்லவேண்டும் என்று கேட்டிருந்தாள். தண்ணீரைப்பற்றிச் சொல்லவில்லை. ஜெபம் என்றால் அதில் தண்ணீரும் உண்டு என்பது அவளுக்குச் சொல்லித் தெரியவேண்டிய விஷயமாகவே படவில்லை. பிருந்தாவும் டாக்டரம்மாவிடம் அனுமதி வாங்கி வைத்திருந்தாள். ஆய்வக வாசல்வரை வரலாம், கண்ணாடித் தட்டை ஒரு தரம் கொண்டுவந்து காட்டுவாள், அவ்வளவுதான்.

கரோலின் பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள்.

"அது என்னக்கா?"

"தீர்த்தம்மா. நீ தட்ட நீட்டு, ஒவ்வொண்ணுக்கும் மூணு சொட்டு ஊத்துவேன். ஒரு நிமிசம்கூட ஆவாது."

பிருந்தா பாட்டிலையும் அவளையும் பார்த்தாள். பிறகு அவள் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"அக்கா, ஊத்த முடியாதுக்கா."

"உங்க ஆஸ்பத்திரிச் சட்டமா?"

"சட்டம் இல்லக்கா. அது கண்ணுக்கே தெரியாத அளவு. உப்பு, சீனி எல்லாம் அளந்து கலந்த ஒரு சொட்டு திரவத்துக்குள்ள வச்சாத்தான் உயிர் நிக்கும். வெறும் தண்ணி பட்டா அத உறிஞ்சி, ஊதி வெடிச்சிரும்."

"இதுல சாமி உப்பு போட்டிருக்காக."

"எவ்வளவுக்கா?"

"ஒரு சிட்டிகை."

பிருந்தா தலையை ஆட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது. "பத்தாதுக்கா."

கரோலினுக்கு அந்தத் திரவமும் தண்ணீர்தானே என்று ஒரு நிமிடம் மனம் தாவியது. பாலிலோ பன்னீரிலோ கொடுத்தால் செல்லாது, தண்ணீர் தண்ணீராக இருக்கவேண்டும் என்று பிள்ளைகளிடம் அடித்துச் சொன்னவள் அவளேதான். தன் வாயால் சொன்னது தன் முன்னாலேயே வந்து நின்றது.

"ஊத்தாம வெளிய வச்சா எம்புட்டு நேரம் இருக்கும்?"

"கொஞ்ச நேரம் இருக்கும்க்கா. பைய அடங்கிரும்."

"ஊத்தினா?"

"அப்பவே."

ஞானஸ்நானம் கொடுத்தால் அவள் கையாலேயே சாகும். கொடுக்காவிட்டால் பேரும் முத்திரையும் இல்லாமல் சாகும். போனை எடுத்து பெனோ சாமியைக் கூப்பிட்டாள். முழுவதையும் சொன்னாள். 

"ஊத்தாதீங்க டீச்சர்."

"ஏன் சாமி?"

"ஊத்தினா நீங்க கொன்னதா ஆயிரும்."

"ஊத்தாட்டா?"

"ஆண்டவரோட இரக்கத்துல ஒப்படைச்சிருவோம்."

அந்த வார்த்தையை அவளுக்கு நன்றாகத் தெரியும். பதில் இல்லாத இடத்தில் சபை சொல்லுகிற வார்த்தை அது. குறைமாதத்தில் செத்த பிள்ளைகளின் தாய்மாரிடம் அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஏன் ஒருத்திகூட அவள் கன்னத்தில் அறையவில்லை என்று இப்போது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பிருந்தா தட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியும், அதில் இரண்டு துளியும். எந்தத் துளியில் எது என்றுகூடத் தெரியவில்லை. ஜெபம் சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. "சரிம்மா, கொண்டுபோ" என்றாள். கதவு சாத்தியது. அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முக்கால் மணி நேரம் கழித்து பிருந்தா வந்து, "முடிஞ்சதுக்கா" என்றாள். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிருந்தாதான் அழுதாள்.

படியிறங்கும்போது கையில் பாட்டில் அப்படியே இருந்தது. அதை வீடு வரைக்கும் சுமந்துகொண்டு போக அவளால் ஆகாது. தீர்த்தத்தைச் சாக்கடையில் கொட்டக் கூடாது. படிக்கட்டு ஓரத்தில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டியில் ஊற்றிவிட்டு, காலிப் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழையும்போது வெயில் தாழ்ந்திருந்தது. எப்படிச் சொல்லவேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே வார்த்தைகளை அடுக்கிவைத்திருந்தாள். பிருந்தா சொன்னதை அப்படியே சொல்லிவிட வேண்டும், மறைக்கக் கூடாது, ஒரு தடவை மறைத்தது போதும். கட்டிலோர மேசையில் பையை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனாள். திரும்பி வந்தால், மெர்வின் எட்டிப் பையிலிருந்து அந்தக் காலிப் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் முழுக்கக் கண்ணீர். இடது கையால் பாட்டிலை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வலது கையால் சிலுவை போட்டான்.

"ஊத்திட்ட" என்றான்.

கேள்வியாகக் கேட்டிருந்தால் அவள் உண்மையைச் சொல்லியிருப்பாள். அவன் கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி இல்லை என்பது? இந்த வீட்டில் யாருடைய முகத்திலாவது அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று?

"ம்" என்றாள்.

"பேரு? பேரு வச்சியா?"

ஆணா பெண்ணா என்று தெரியாத பிள்ளைகள். இரண்டுக்கும் பொருந்துகிற பேராக வேண்டும். நாக்கில் வந்த இரண்டு மாதா பேரைச் சொன்னாள்.

"லூர்து. சலேத்."

"லூர்து, சலேத்" என்று அவன் சொல்லிப்பார்த்தான். மறுபடியும் சொன்னான். "நல்ல பேரு பிள்ளே. ஆணுக்கும் வைக்கலாம், பொண்ணுக்கும் வைக்கலாம். நீ கெட்டிக்காரி."

அன்றைக்கு அவன் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். அவள் பரிமாறிக்கொண்டே கணக்குப் போட்டாள். மாத முதல் வெள்ளிக்கிழமை மெர்வினுக்கு நன்மை கொண்டுவரும்போது பெனோ சாமியின் வாயைக் கட்டவேண்டும். இந்தப் பொய்யை அவரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால், அவர் முதலில் கேட்பது, உண்மையை உங்க வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவீர்களா என்பதுதான். சொல்ல மாட்டாள். அப்படியென்றால் மன்னிப்பு இல்லை. மன்னிப்பு இல்லாமல் நன்மை வாங்க முடியாது. நன்மை வாங்காத டீச்சர் ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்கார முடியாது. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தாள், மிச்சம் ஒன்றும் இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கம்போல ஜெபமாலை. அவன் கட்டிலில், அவள் தரையில். அவன் முன்னால் சொல்லுவான், அவள் பதில் சொல்லுவாள். ஐம்பத்து மூன்று மணியும் முடிந்து, புனிதர்களைப் பேர்பேராகக் கூப்பிடுகிற இடத்துக்கு வந்தார்கள். புனித சூசையப்பரே என்றான், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்றாள். புனித அந்தோணியாரே என்றான், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்றாள். பிறகு அவன் நிறுத்தினான்.

"இனி நாம அவுகளுக்காக வேண்ட வேண்டியதில்லல்லா? அவுகதான் நமக்காக வேண்டணும்."

அவள் ஜெபமாலையை விரலில் சுற்றினாள்.

மெர்வின் கண்ணை மூடிக்கொண்டான். குரலைச் சரிசெய்துகொண்டு, கோயிலில் சொல்லுகிற மாதிரியே சொன்னான்.

"எங்கள் பிள்ளை லூர்தே."

பதில் சொல்ல வீட்டில் வேறு ஆள் கிடையாது. அவன் காத்திருந்தான்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றாள் கரோலின்.

"எங்கள் பிள்ளை சலேத்தே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

அவன் நிம்மதியாகச் சாய்ந்து படுத்தான். நாளைக்கும் அவன் இதைச் சொல்லுவான், நாளை மறுநாளும் சொல்லுவான். அவன் இருக்கும்வரை அவள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.